ஹெல்வெல்லின் மலையில் இன்று பனி எப்படி?

டிசம்பர் பிறந்துவிட்டால் இங்கிலாந்தின் ஹெல்வெல்லின் மலை நிலவர அறிக்கையைத் தினமும் படிப்பேன். லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறது. குளிர்காலம் முழுக்க, முறைவைத்து, தினம் ஒருவர் 950 மீட்டர் உச்சிக்கு ஏறுகிறார். காற்றின் வேகம், வெப்பநிலை, காலடியில் கிடக்கும் பனியின் தன்மை எல்லாவற்றையும் பார்த்து எழுதுகிறார். அலங்காரமே இல்லாத சில பத்திகள். அந்த மலையைப் பற்றி எழுதப்பட்டதில் எனக்குப் பிடித்தது அதுதான், வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையைவிடவும்.

1805 ஏப்ரலில் சார்ல்ஸ் கஃப் என்ற மான்செஸ்டர் இளைஞர் பேட்டர்டேலிலிருந்து கிராஸ்மியருக்கு இந்த மலையைத் தாண்டிப் போகப் புறப்பட்டார். கூட ஃபாக்ஸி என்ற நாய் மட்டும். மூன்று மாதம் கழித்து, ஜூலை 27 அன்று, ரெட் டார்ன் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மேய்ப்பர் நாய்ச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தபோது எலும்புகள்தான் மிச்சம். நாய் உயிரோடு காவலிருந்தது.

அதே வருஷம் வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் ஹெல்வெல்லின் ஏறினார்கள். இருவருமே நாயின் விசுவாசத்தைப் பாடினார்கள். 1829இல் லேண்ட்சியர் அதை ஓவியமாக்கினார். 1890இல் உச்சியில் நினைவுக்கல்லே வைத்தாயிற்று. மூன்று மாதம் அந்த நாய் எதைத் தின்றது என்று அன்றே சில பேர் முணுமுணுத்தார்கள். கவிஞர்கள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சரி, கஃப் எப்படி விழுந்தார்? யாரும் பார்க்கலை. ஆனால் விழக்கூடிய இடம் எதுவென்று மலைக்குத் தெரியும். ரெட் டார்னுக்கு மேலே ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற பாறை முகடு. இரண்டு பக்கமும் சரிவு. கோடையில் கைகளையும் ஊன்றி ஏறினால் ஜாலியான ஏற்றம். குளிர்காலத்தில் கதை வேறு. உச்சியில் வீசும் காற்று பனியை வாரிக்கொண்டுபோய் மறுபக்கத்து விளிம்பில் குவிக்கும். அது தாழ்வாரம்போல வெளியே நீண்டு நிற்கும். அடியில் பாறை இருக்காது. முகடு முடிந்து உச்சிக்கு ஏறும் கடைசிச் சரிவில் விழுந்த பனி பகலில் இளகி, ராத்திரியில் இறுகும். இறுகியபின் பூட்ஸ் பதியாது. பாதத்தில் முள்தகடும் கையில் பனிக்கோடாலியும் இல்லாமல் வழுக்கினால் நிற்க வழியில்லை.

நமக்கோ எல்லாமே பனிதான். மார்கழிக் காலையில் புல் மேல் இருப்பதும் பனி, பஸ்ஸை மறைப்பதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. அறிக்கையை ஒரு நண்பனுக்குத் தமிழில் சொல்ல முயன்று திணறியிருக்கிறேன். நேற்று விழுந்த பூம்பனி, காற்று குவித்தது, இறுகியது, பாறைமேல் கண்ணாடி மாதிரி படிந்து கண்ணுக்கே தெரியாதது என்று அவர் பிரித்துப் பிரித்துச் சொல்வார். மொழியழகுக்காக அல்ல. முதலாவதில் கால் புதையும், அவ்வளவுதான். கடைசியானதில் கால் வைத்த கணமே போய்விடும்.

ஸ்ட்ரைடிங் எட்ஜிலேயே இன்னொரு நினைவுச்சின்னமும் உண்டு. 1858இல் நரிவேட்டை நாய்களைப் பின்தொடர்ந்து வந்து விழுந்து இறந்த ராபர்ட் டிக்ஸனுக்கானது. அவரை எந்தப் பெரிய கவிஞரும் பாடலை. இன்றும் குளிர்காலத்தில் அந்த முகட்டிலும் பக்கத்து ஸ்விரல் எட்ஜிலும் ஆட்கள் விழுகிறார்கள். காலையில் இளகிக் கிடந்த சரிவு சாயங்காலம் இறுகிவிடும். நேற்று எழுதியது இன்றைக்கு உதவாது. அதனால்தான் அவர்கள் மறுநாளும் ஏறிப் போய்ப் பார்க்கிறார்கள்.