காசநோய் மாத்திரையும் மனச்சோர்வும்

1968இல், அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர் வட்டாரத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பெரும் கள ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. ஊசி கைவிட, மாத்திரைதான் கதி.

மாத்திரைக்கோ வேறொரு கதை உண்டு. 1952இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் ஐப்ரோனியாசிட் சாப்பிட்ட காசநோயாளிகள் உற்சாகமாக வளையவந்தார்கள். 1957இல் அதுவே மனச்சோர்வு மருந்தானது; பின்னர் கல்லீரலைக் கெடுத்ததால் கைவிடப்பட்டது.

இன்று கேள்வி தலைகீழ்: காசநோய் மாத்திரையே மனச்சோர்வைக் கொண்டுவருமா? காசநோய்க்கு ஆறு மாதம் விழுங்கும் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் குடல் பாக்டீரியாக்களையும் கலைக்கிறது; அந்தக் குலைவு மனநிலையையும் தொடலாம் என்பது சந்தேகம். ஆன்டிபயாடிக்கைத் திரும்பத் திரும்ப எடுத்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதல் என்றது 2015இல் வெளியான, பிரிட்டன் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வு. குற்றவாளி மருந்தா, நோயா? அந்தப் பதிவுகளை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்குக் காசநோய் வந்தால், சம்பளம் போகும் கவலையும் கூடவே சேரும்.