மறுமொழி இல்லாத குரல்: லிம்பா, சோ, திண்டுக்கல் சமவெளி

திண்டுக்கல், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் வானொலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோடை பண்பலை. கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிக்கும் இந்த அரசு நிலையத்துக்கு நேயர் தொலைபேசியில் பேசலாம், விரும்பிய பாட்டைக் கேட்கலாம். ஆனால் அமைச்சரைத் திட்ட முடியாது. அரசியல் கட்சிகளைப் பெயர் சொல்லித் தாக்குவதை அகில இந்திய வானொலியின் நெறிமுறை தடுக்கிறது. தனியார் பண்பலைக்கோ சொந்தமாகச் செய்தி தயாரிக்கவே உரிமையில்லை. 2019இல் கிடைத்த அனுமதி அரசு வானொலியின் செய்தியை மறு ஒலிபரப்புச் செய்வதற்கு மட்டுமே.

அமெரிக்காவின் ரஷ் லிம்பாவைப் போன்ற பழமைவாத வானொலிப் பேச்சாளர் தமிழகத்தில் தோன்றாததற்குத் திராவிட அரசியலின் செல்வாக்கைக் காரணம் காட்டுவதுண்டு. அது பாதி உண்மைகூட இல்லை. அத்தகைய ஆளுமையை உருவாக்குவதும் தடுப்பதும் கொள்கையைவிட ஒலிபரப்புச் சட்டமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

லிம்பாவின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1951இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்த அவர், கல்லூரியைப் பாதியில் விட்டு, பாட்டுப் போடும் அறிவிப்பாளராகப் பல ஊர் நிலையங்களில் வேலை பார்த்தார். சில இடங்களில் வேலையும் போனது. 1984இல் சாக்ரமெண்டோவில் அரசியல் பேசத் தொடங்கினார். பொது விவகாரங்களில் எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்று 1949 முதல் நிலையங்களைக் கட்டுப்படுத்திய விதி 1987இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நியூயார்க்கிலிருந்து நாடு முழுவதற்குமான அவரது நிகழ்ச்சி தொடங்கியது. வார நாட்களில் மூன்று மணி நேரம் ஒரே குரல். அழைப்பவர்களில் யாரை இணைப்பது என்பதும் நிகழ்ச்சிக் குழுவின் முடிவு. கருத்தடைக் காப்பீட்டுக்காகப் பேசிய சட்டக் கல்லூரி மாணவி ஒருவரை 2012இல் அவர் இழிவாகப் பேசினார். விளம்பரதாரர்கள் விலகத் தொடங்கிய பிறகே மன்னிப்புக் கேட்டார். 2020இல் அதிபர் டிரம்ப் அவருக்கு நாட்டின் உயரிய குடிமக்கள் பதக்கத்தை வழங்கினார். மறு ஆண்டு அவர் காலமானார்.

தமிழகத்தில் அவருக்கு நெருங்கிய இணை சோ ராமசாமி. நாடக மேடையில் பெயர் பெற்று, 1970 ஜனவரியில் ‘துக்ளக்’ இதழைத் தொடங்கினார். அதன் கேள்வி–பதில் பகுதியில் வாசகரின் பெயரும் ஊரும் அச்சாகும். ஓரிரு வரிக் கேள்விக்குக் கீழே சோவின் குத்தல் பதில் வரும். இதழின் ஆண்டுவிழாக்களில் வாசகர்கள் ஒலிபெருக்கி முன் நின்று கேள்விகள் கேட்க, சோ தமது உரையில் அவற்றுக்கு விடை சொல்வார். நேயர் அழைத்துப் பேசும் வானொலி நிகழ்ச்சியின் வடிவம் இதுதான். அலைவரிசை மட்டும் இல்லை. விடுதலைப் புலிகளையும் மகளிர் இடஒதுக்கீட்டையும் எதிர்த்து அவர் எழுதியவை கடும் கண்டனத்துக்கு உள்ளாயின.

இருவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது நியாயமான மறுப்பு. நெருக்கடி நிலையின்போது கறுப்பு அட்டையோடு இதழை வெளியிட்டவர் சோ, 1996இல் தி.மு.க. – தமிழ் மாநில காங்கிரஸ் கூட்டணி அமைய உழைத்தவரும் அவரே. லிம்பாவிடம் இந்த அளவு கட்சி கடந்த போக்கைக் காண்பது அரிது. ஆனால் வேறுபாடு மனிதர்களோடு நின்றுவிடவில்லை. துக்ளக் விற்ற அதே கடையில் தி.மு.க.வின் ‘முரசொலி’யும் திராவிடர் கழகத்தின் ‘விடுதலை’யும் தொங்கின. சோவின் எழுத்துக்கு அங்கேயே மறுமொழி கிடைத்தது. காசும் எழுத்தறிவும் இருந்தவர்களையே இதழ் எட்டியது என்பதும் உண்மை. மற்றவர்களை எட்டியவை மேடையும் திரையும்தான். 1973 திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளர் மாயத்தேவரை வெற்றிபெற வைத்த அலை மேடையாலும் திரையாலும் எழுந்தது. அரசு வானொலி அதற்கு விவாத மேடையாக இருக்கவில்லை.

ஆகவே வானொலித் தடை இங்கே வசைபாடிகளைத் தடுத்தது என்றால், வாதத்தையும் சேர்த்தே தடுத்தது. இன்று அந்த வசை யூடியூப் வழியே கைப்பேசிக்கு வருகிறது. உள்ளூர்த் தனியார் பண்பலையோ நகராட்சிக் குடிநீர் பற்றிய நிர்வாகத்தின் அறிவிப்பைச் சொல்லலாம், அதைச் செய்தியாக்கி விவாதிக்க உரிமையில்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அதன்படி பார்த்தால், தனியார் பண்பலைக்கும் சமுதாய வானொலிக்கும் செய்தி உரிமை வழங்கப்பட வேண்டும். தாக்கப்பட்டவர் அதே நிகழ்ச்சியில் மறுமொழி சொல்லும் உரிமை உரிமத்தின் கட்டாய நிபந்தனையாக வேண்டும். முதலாவதை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1987க்குப் பிந்தைய அமெரிக்க வானொலி போதுமான பாடம்.