புழுதி விதைப்பும் கடல்வழியும்: இராமநாதபுரத்து ஆண்களின் ஊர் மீள்வு, ஒரு வரலாற்று நோக்கு

இராமநாதபுரம் கடற்கரையையும் அதன் உட்பகுதியிலுள்ள வானம் பார்த்த நிலங்களையும் சேர்ந்த ஆண்கள் பலருடைய வாழ்க்கை, பிள்ளைப் பருவத்தில் வயலிலும் உழைக்கும் வயதில் கடலுக்கு அப்பாலும் முதுமையில் மீண்டும் பிறந்த ஊரிலுமாகக் கழிந்திருப்பதை ஊர்ப்பற்று என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடுவது பொதுவழக்கு. அந்தப் பற்று உண்மையானதே. ஆயினும், ஒருவர் எப்போது திரும்பினார், என்ன கொண்டு திரும்பினார், திரும்பியபோது ஊரில் அவருக்கு என்ன எஞ்சியிருந்தது என்பவற்றை ஏறத்தாழ 200 ஆண்டுகளாகத் தீர்மானித்து வந்தவை தோட்டப் பயிர்களின் தேவைகளும் அரசுகளின் சட்டங்களுமே என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

இவ்வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களுக்குள் முடிந்துவிடுகிறது. மழை வருமுன்பே உலர்ந்த நிலத்தை உழுது நெல்லை நேரடியாகத் தூவும் புழுதி விதைப்பும், பெய்த நீரைத் தேக்கும் கண்மாயும் இங்குள்ள வேளாண்மையின் இரு தூண்கள். கண்மாயிலிருந்து வயலுக்கு நீரை விடும் வாய் மடை எனவும், மிகுந்த நீர் வழிந்து அடுத்த கண்மாய்க்குச் செல்லும் கட்டுமானம் கலுங்கு எனவும் வழங்கும். இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் 48 மடைகளைக் கொண்டதெனப் பெயர் பெற்றது. வைகையோ கடலை எட்டுமுன் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்கிறது. விதைத்த பின் குருவி விரட்டவும், அறுத்த தாளில் ஆடு மேய்க்கவும், கரை உடைந்தால் மண் சுமக்கவும் பழகிய சிறுவன் நீர்ப்பங்கீட்டின் ஒழுங்கையும் அவ்வழியே கற்றான். ஒரு போகமே விளையும் நிலத்தில், அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட மாதங்களில் வீட்டில் வேலையும் குறைவு, தானியமும் குறைவு என்பதையும் அவன் உடன் அறிந்தான்.

1803-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு, சேதுநாடு எனப்பட்ட இவ்வட்டாரத்தை நிலையான பேஷ்குஷ் என்னும் கப்பம் செலுத்தும் ஜமீனாக உறுதிப்படுத்திய பிறகு, விளைச்சலில் ஒரு பங்கை ஜமீனுக்கு அளிக்கும் வாரமுறை குடியானவரின் கையிருப்பைக் குறைத்தது. கடனிலும் வழக்கிலும் சிக்கிய ஜமீன் கண்மாய்களின் பராமரிப்புக்குப் போதிய பணம் ஒதுக்கவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் பாம்பனும் தனுஷ்கோடியும் இவ்வாறுதான் வெளியேறும் வாயில்களாயின.

முதற்கட்டப் புலப்பெயர்ச்சியின் இயல்பு பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. 1830-கள் முதல் இலங்கை மலைப்பகுதியில் பரவிய காப்பித் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கும் சில மாதங்களில் மட்டுமே பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். எனவே பாக்கு நீரிணையைப் படகில் கடந்து, தலைமன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து சென்றவர்களில் பலர், பறிப்பு முடிந்ததும் கூலியோடு ஊர் திரும்பினர். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர்கள் மிகப் பலர் என்பதால், இதை இனிய பருவகாலப் பயணமாக எண்ணிவிடலாகாது. ஆயினும் பிழைத்தவனுக்குத் தோட்டமும் வயலும் ஒரே ஆண்டின் இரு பகுதிகளாக இருந்தன. ஊர் மீள்வு அப்போது ஆண்டுதோறும் நிகழ்வது; வாழ்நாளின் இறுதிக்கு ஒதுக்கப்பட்டதன்று.

இந்தச் சுழற்சியை முறித்தது ஒரு பூஞ்சை. 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழிக்க, அதன் இடத்தைப் பிடித்த தேயிலை, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகளைக் கேட்டது. ஆண்கள் தனியே சென்ற நிலை மாறிக் குடும்பங்கள் தோட்ட லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், குடியேறின. ஆள்திரட்டி அழைத்துச் சென்ற கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக நிற்க, அக்கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு, 1921-இல் ஒழிக்கப்படும் வரை தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதால் பயணம் எளிதாயிற்று. இலங்கை செல்வோருக்கான மண்டபம் முகாமின் மருத்துவச் சோதனையும் தடுத்துவைப்பும் அதன் பகுதியாயின. போக்குவரத்து எளிதான அதே காலத்தில் திரும்பி வருவது அரிதானது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

1939-இல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இத்தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவு செய்தது. அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தமையால், கப்பல் பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து சென்று வந்தது. அதில் வந்திறங்கியோர் ‘தாயகம் திரும்பியோர்’ எனப் பெயரிடப்பட்டனர். அவர்களில் பலர் தமிழகத்தை முன்பு கண்டதே இல்லை. பாட்டனின் ஊர்ப்பெயர் நினைவில் இருந்தாலும், அங்கே அவர்களுக்கு நிலமோ வீடோ இல்லை. அவர்களின் மறுவாழ்வுக்கென 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. தேயிலையிலிருந்து எடுத்தவர்களை மீண்டும் தேயிலையிலேயே வைத்ததற்குத் தாயகம் திரும்புதல் எனப் பெயரிட்டது, அம்மக்களின் இழப்பை மறைத்த சொல்லாட்சி என்றே கருத வேண்டியிருக்கிறது.

1973-க்குப் பின் எண்ணெய் விலை உயர, வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தளங்களும் கடைகளும் புதிய வாயில்களாயின. கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் தூரதேசம் சென்று பொருளீட்டுபவரைக் குறிக்கும் ‘சபுராளி’ என்ற சொல், பயணத்தைக் குறிக்கும் ‘சபர்’ என்னும் அரபுச் சொல்லினின்று பிறந்தது. கடல்வணிகருக்கு வழங்கிய அச்சொல் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பொருந்திற்று. வளைகுடாவில் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அயலாருக்குக் குடியுரிமை பெரும்பாலும் கிடைப்பதில்லை. விசா தீர்ந்தால் புறப்பட்டே ஆகவேண்டும். ஆகவே ஊர் மீள்வு இம்முறை தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. ‘ஊரோடு வந்துவிட்டார்’ என்ற பேச்சுவழக்கு, அரசு ஊழியரின் ஓய்வூதியம் போன்ற எந்தப் பாதுகாப்பும் இல்லாத இந்த ஓய்வையே குறிக்கிறது.

இவ்வாறு வந்தவர் சேமிப்பைக் கல்வீடாகவும் மகளின் திருமணமாகவும் பிள்ளையின் பொறியியல் படிப்பாகவும் மாற்றியிருந்தார். நிலமோ வேறு வழியில் மாறியிருந்தது. உடன்பிறந்தார் பலர் பெயரிலான கூட்டுப் பட்டா, ஒருவர் ஊரில் இல்லாதபோது விற்கவோ பிரிக்கவோ எளிதில் இடம் தராமையால், உழாத துண்டுகள் தரிசாகக் கிடக்க, அவற்றையும் கண்மாயின் உட்பரப்பையும் சீமைக் கருவேலம் மூடிக்கொண்டது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கும் தொழில் சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பகுதிகளில் பலருக்குப் பிழைப்பாயிற்று. எனினும் ஊரில் தங்கிய உழவர் வேளாண்மையைக் கைவிடவில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாய் அவர்களது உழைப்பின் விளைவு.

குடிமராமத்து எனப்படும், ஊரார் ஆள்விட்டுக் கண்மாயைச் செப்பனிடும் பழைய முறையின் பெயரிலேயே தமிழக அரசு 2016–17-இல் தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியது. கருவேல மரங்களை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் ஆணையிட்டது. 1970-களின் இறுதியில் இருபது வயதில் கடல் கடந்தவர்களுக்கு இப்பணிகளின்போது வயது அறுபதை நெருங்கியிருந்தது. புதர் மூடிய மடைகள் எங்கெங்கே இருந்தன, எந்த மடை எந்த வயலுக்குரியது, கலுங்கு வழிந்த நீர் எந்த ஓடையில் ஓடியது என்பவற்றைச் சிறுவயதில் கரையில் நடந்தே கற்றவர்கள் அவர்கள்; அவர்களுக்குப் பின்வந்த தலைமுறையில் அவ்வாறு கற்க வாய்ப்புப் பெற்றவர்கள் சிலரே.