ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனை

இந்திய விளையாட்டு வர்ணனையின் வரலாறு பெரும்பாலும் கிரிக்கெட்டையும் ஆங்கிலத்தையும் மையமாக வைத்தே எழுதப்படுகிறது. அவ்வரலாற்றில் போதிய இடம் பெறாதவர் ஜஸ்தேவ் சிங் (1931–2018). ஒன்பது ஒலிம்பிக் போட்டிகளையும் எட்டு உலகக் கோப்பை ஹாக்கித் தொடர்களையும் வானொலிக்கும் தூர்தர்ஷனுக்கும் வர்ணித்தவர்.

ராஜஸ்தானின் பௌன்லியில் பிறந்த சீக்கியர். 1948இல் காந்தியின் இறுதி ஊர்வலத்தை மெல்வில் டி மெல்லோ ஆங்கிலத்தில் வர்ணித்ததைக் கேட்டு இத்தொழில்மீது ஆசை கொண்டார். பள்ளியில் படித்தது உருது. செய்ய விரும்பியதோ இந்தி வர்ணனை. 1955இல் ஜெய்ப்பூர் வானொலியில் சேர்ந்தார்.

அது கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த காலம். வானொலியின் இந்தி சமஸ்கிருதச் சொற்களால் கனத்துவிட்டதெனப் பிரதமர் நேருவே குறைகூறியதுண்டு. செய்தி எழுதுபவர் கலைச்சொல்லுக்காக அகராதியைப் புரட்டலாம். பந்து வட்டத்துக்குள் நுழையும் கணத்தில் வர்ணனையாளருக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆகவே ஹாக்கி வர்ணனையில் 'கோல்', 'பெனால்டி கார்னர்' ஆகியன ஆங்கிலத்திலேயே நின்றன. வினைகள் பேச்சு இந்துஸ்தானியிலிருந்து வந்தன. வியப்பும் வருத்தமும் உருதுச் சாயல் பெற்றன. மொழிக்கொள்கை ஏற்கத் தயங்கிய கலப்பை விளையாட்டு வர்ணனை ஓசையின்றி நிலைநிறுத்தியது. உருதுவில் பயின்ற ஜஸ்தேவுக்கு அது இயல்பாகவே வாய்த்தது.

1975 மார்ச் 15, கோலாலம்பூர். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பின்தங்கியிருந்த இந்தியா பாகிஸ்தானை 2–1 என வென்றது. அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்து வெளியே வந்தது. கோல் அல்லவெனப் பாகிஸ்தானியர் வாதிட்டனர். நடுவர் கோல் என்றார். நாட்டில் வானொலியருகே காத்திருந்தோருக்கு வர்ணனையாளரின் வாக்கியம் முடியும்வரை அது கோலுமன்று, கோல் அல்லாததுமன்று. ஆட்டம் அவர்களுக்கு முழுவதும் மொழியாகவே வந்து சேர்ந்தது.

1982இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டு தில்லி ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானிடம் 1–7 எனத் தோற்றதை நாடே கண்ணால் கண்டது. பந்து எங்கே, யாரிடம் என்று சொல்லும் இடக்குறிப்புகள், அதாவது வானொலி வாக்கியத்தின் முதுகெலும்பு, திரைக்கு முன் மிகையாயின. ஜஸ்தேவின் விரைவு நடை தொலைக்காட்சி ஹாக்கியில் சற்று நெருக்கடியாகவே ஒலித்திருக்க வேண்டும். அது அவர் குறையன்று, ஊடகத்தின் மாற்றம்.

1985இல் பத்மஸ்ரீ, 1988இல் சமரஞ்ச் வழங்கிய ஒலிம்பிக் ஆர்டர், 2008இல் பத்மபூஷண் ஆகிய சிறப்புகள் வந்தன. ஆயினும் பலருக்கு அவர் குரல் 1963 முதல் வர்ணித்துவந்த குடியரசு தின அணிவகுப்பின் குரலே. அங்கே படம் மெதுவாக நகரும். ஒவ்வோர் ஊர்திக்கும் விளக்கம் வேண்டும். வானொலி வாக்கியத்துக்குத் தொலைக்காட்சி விட்டுவைத்த இடம் அதுவே.