இருவருக்கு ஒரு படம்

கணவனும் மனைவியும் சேர்ந்து படம் பார்க்கப் போவதென்று தீர்மானித்ததும் எழுகின்ற முதல் வினா, எந்தப் படம் என்பதே. கணவன் சண்டைப் படத்தை விரும்புகின்றான். மனைவி குடும்பக் கதையை விரும்புகின்றாள். இஃது அவரவர் வீட்டுக்குள் தீர்க்கப்படவேண்டிய அற்ப விஷயமென்றே பலர் கருதுவர். ஆயின் இந்த அற்ப விஷயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. படத்தைத் தெரியும் உரிமை யாரிடம் இருந்தது, அது எக்காலத்தில் கைமாறியது, ஒருவருடைய இரசனை உயர்ந்ததென்றும் மற்றவருடையது தாழ்ந்ததென்றும் தீர்ப்பளித்தவர் யாவர் என்பவற்றை ஆராய்வோமாயின், ஆணும் பெண்ணும் சமூகத்தில் நின்ற நிலையே நமக்குப் புலனாகும்.

கோயில் வீதியிலே விடிய விடிய ஆடப்பட்ட நாட்டுக்கூத்தைப் பார்க்கச் சென்றோருக்கு இவ்வினா எழவில்லை. ஊர் எதை ஆடியதோ அதையே ஊர் பார்த்தது. ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் ஒரு புறமும் இருந்தனர். யார் எங்கே இருப்பது, யார் எட்ட நிற்பது என்பவற்றைச் சாதி நிர்ணயித்தது. தெரிவு என்பது தனிமனிதனுக்கே இல்லாத இடத்தில், கணவன் மனைவியரிடையே தெரிவு பற்றிய பிணக்குத் தோன்ற இடமில்லை.

சினிமா இந்நிலையை மாற்றியது. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் திகதி பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படங்காட்டினர். அடுத்த ஆண்டு ஜூலை 7ஆம் திகதி அவர்களுடைய படங்கள் பம்பாயில் காட்டப்பட்டன. இருபது ஆண்டுகளுக்குள் உலகின் பெருநகரங்களிலெல்லாம் படமாளிகைகள் எழுந்தன. ஒரே மாலைப் பொழுதில், ஒரே வீதியில், இரண்டு மூன்று படங்கள் ஓடின. கையிற் காசுள்ளவர் எவரும் தமக்கு விருப்பமானதைத் தெரியலாம் என்ற நிலை உண்டாயிற்று. கையில் யாருடைய காசு இருந்தது, யாருடைய மாலைப் பொழுது ஓய்வாயிருந்தது என்ற வினாக்களும் அங்கேதான் தோன்றின.

இவ்வினாக்களுக்கு முதன்முதலில் முறையாக விடை தேடியவர்களுள் ஒருவர் எமிலி அல்தன்லோ என்ற ஜேர்மன் பெண்மணி. 1900ஆம் ஆண்டில் பாடன் மாநிலம் தன் பல்கலைக்கழகங்களைப் பெண்களுக்கு முழுமையாகத் திறந்துவிட்டது. அம்மாநிலத்து ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில், சமூகவியல் அறிஞர் அல்பிரட் வேபரின் வழிகாட்டலில் கற்றவர் அவர். ரைன் நதிக்கரையில், ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் வாழ்ந்த மன்ஹைம் என்ற கைத்தொழில் நகரைத் தம் ஆய்வுக் களமாக அவர் கொண்டார். பாடசாலைகள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றின் வாயிலாகச் சுமார் 2,400 வினாப் படிவங்களுக்கு விடை பெற்றார். என்ன தொழில் செய்கின்றீர், எத்தனை முறை படம் பார்க்கின்றீர், எத்தகைய படத்தை விரும்புகின்றீர் என்று சாதாரண மக்களையே கேட்டார். அவருடைய ஆய்வு 1914இல் நூலாக வெளிவந்தது. படங்களைப் பற்றிப் பண்டிதர்கள் சொன்னவை அதற்கு முன்னரும் உண்டு. பார்த்தவர்களையே கேட்டறிந்ததுதான் இந்நூலின் பெருமை.

அவர் கண்டவை இன்றும் நம் சிந்தனைக்குரியன. இளந் தொழிலாளர் துப்பறியும் கதைகளையும் செவ்விந்தியர் போர்களையும் நாடினர். பெண்கள், காதலும் துயரமும் நிறைந்த சமூகக் கதைகளை நாடினர். டென்மார்க் நாட்டு நடிகை ஆஸ்தா நீல்சன் அக்காலத்தில் அத்தகைய கதைகளால் பெரும்புகழ் எய்தியிருந்தார். ஆகவே, சண்டைப் படமா குடும்பக் கதையா என்ற பிணக்கு நம் வீடுகளில் மட்டும் பிறந்ததன்று. பேசாப் படக் காலத்திலேயே அது தோன்றிவிட்டது.

இவற்றிலும் முக்கியமான செய்தி ஒன்றும் அந்நூலில் உண்டு. சமூக ஜனநாயகக் கட்சியைச் சார்ந்த தொழிலாளர்கள் தேர்தற் கூட்டங்களுக்குச் செல்லும்போது, அவர்களுடைய மனைவியர் அருகிலிருந்த படமாளிகைக்குச் சென்றனர். கூட்டம் முடிந்ததும் கணவன் வந்து அழைத்துச் செல்லும்வரை பொழுதைப் போக்கும் இடமாக இருந்த படமாளிகை, நாளடைவில் அவர்களுடைய வாழ்வின் இன்றியமையாத பகுதியாயிற்று. அன்றாட வாழ்வின் சலிப்பை மறந்து வேறோர் உலகில் சில மணிநேரம் வாழ அவர்கள் மீண்டும் மீண்டும் அங்கே சென்றனர்.

இச்செய்தியைச் சற்று நிதானித்து நோக்கவேண்டும். பிரஷ்யா உட்பட ஜேர்மனியின் பல பகுதிகளில், 1908ஆம் ஆண்டுவரை அரசியற் சங்கங்களில் சேரும் உரிமை பெண்களுக்குச் சட்டப்படி மறுக்கப்பட்டிருந்தது. வாக்குரிமை 1918இன் இறுதியிலேதான் கிடைத்தது. கணவன் உலகை மாற்றுவது பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த மண்டபத்தில் மனைவிக்கு ஆசனம் இல்லை. அல்லது, சட்டம் அனுமதித்த பின்னரும் அவளை அழைக்கவேண்டுமென்ற எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை. காசு கொடுத்தால் ஆசனம் தர ஆயத்தமாயிருந்தது படமாளிகை ஒன்றே. அவள் அங்கே போனாள். பின்னர் அவளுடைய இரசனை மலிவானதென்று கூறுவது நீதியாகுமா?

அவ்வாறே கூறினர். 1927இல் ஜேர்மனியின் சிறந்த விமர்சகருள் ஒருவரான சிக்பிரீட் கிரகவர், பிராங்பேர்ட் நகரத்துப் பத்திரிகையொன்றிலே சினிமாவையும் கடைச் சிற்றாட்களான பெண்களையும் பற்றிய கட்டுரைத் தொடரை வெளியிட்டார். ஆளும் வர்க்கத்தின் பொய்க்கனவுகளைப் படங்கள் எவ்வாறு மக்களுக்கு ஊட்டுகின்றன என்பதை அவர் கூர்மையாக எடுத்துக் காட்டினார். செல்வந்தன் ஏழைப் பெண்ணை மணப்பதோடு முடியும் கதை, ஏழ்மை ஏன் உண்டாயிற்று என்ற வினாவை மறைத்துவிடுகின்றது என்ற அவருடைய வாதத்தை நாமும் ஏற்கின்றோம். ஆனால் அப்பொய்யில் மயங்கிக் கண்ணீர் விடுபவளாக அவர் காட்டியது கடைப் பெண்ணை மட்டுமே. போர்ப் படத்தைக் கண்டு நெஞ்சு நிமிர்த்திய ஆண்மகனின் மயக்கத்துக்கு அத்தகைய தலைப்புக் கிடைக்கவில்லை. அல்தன்லோ பெண்களைக் கேட்டார். கிரகவர் பெண்களைப் பற்றிச் சொன்னார். இருவருக்குமிடையே உள்ள இவ்வேறுபாட்டைப் பிற்காலப் பெண்ணிலை ஆய்வாளர்கள் வலியுறுத்தியமை பொருத்தமானதே.

இனித் தமிழ்ப் படத்துக்கு வருவோம். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ச் சினிமா பற்றிய தம் ஆய்வில் ஓர் உண்மையை நிறுவினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதலாவது கலையரங்கு படமாளிகையே. அங்கே ஆசனத்தை நிர்ணயித்தது பிறப்பன்று, கொடுக்கும் பணமே என்றார் அவர். இவ்வுண்மையோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தமிழகத்துக் கிராமங்களில் இயங்கிய கூடாரக் கொட்டகைகளில், தரையில் இருந்து பார்ப்போரை ஆண்கள் வேறு பெண்கள் வேறாகக் குட்டைச் சுவரொன்று பிரித்தது. ஒரே படத்துக்கு வந்த கணவனும் மனைவியும் சுவருக்கு அப்புறமும் இப்புறமும் இருந்து பார்த்தனர். உயர்ந்த வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவர்களே அருகருகே அமர்ந்தனர். எனவே, 'இருவர் சேர்ந்து பார்ப்பது' என்று நாம் இன்று இயல்பாகக் கருதுவது, வர்க்க வசதியோடு பிறந்த ஒரு புதுமை என்பதை மறத்தலாகாது.

பெண்களைப் படமாளிகைக்குள் கொண்டுவந்ததில் புராணக் கதைகளுக்குப் பெரும் பங்குண்டு. தமிழ் பேசிய முதற் படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அதன் கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே இயக்கினார். ஒரு பெண் படத்தை இயக்கக்கூடிய காலத்திலும், குடும்பப் பெண் படம் பார்க்கச் செல்வதற்குச் சாமி படம் என்ற சாட்டுத் தேவைப்பட்டது. சுவாமி தரிசனத்துக்குப் போவதுபோலப் படத்துக்குப் போகலாம் என்ற அனுமதியைப் புராணம் பெற்றுக் கொடுத்தது. அவள் தெரிந்தது பக்தியையா, வீட்டை விட்டு வெளியேறும் மூன்று மணிநேரத்தையா என்பதை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சமூகப் படங்கள் மேலோங்கின. வீட்டுப் பிணக்குக்கு அப்பொழுது இரு பெரும் பெயர்கள் கிடைத்தன: எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன். இப்பிளவு முற்றிலும் ஆண் பெண் பிளவன்று. எம். ஜி. ஆருக்குப் பெண்களிடையே இருந்த செல்வாக்கைத் தமிழகத்தின் தேர்தல் வரலாறே சொல்லும். எனினும் வீரம் ஒரு புறமும் கண்ணீர் மறுபுறமுமாக இரசனை பேசப்பட்டது. 'தாய்க்குலத்தின் பேராதரவு' என்ற தொடர் விளம்பரங்களில் வழக்காயிற்று. பெண்கள் ஆதரித்தால் குடும்பம் முழுவதும் வரும் என்பது வியாபாரியின் கணக்கு. வீட்டில் அவளுக்கு மறுக்கப்பட்ட தெரிவுரிமையை விளம்பரக்காரன் அவளுக்கு வழங்கியதுபோல் நடித்தான்.

1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்தில் சாதாரண மனிதன் அரசனுடைய ஆசனத்தில் அமர்ந்து மக்களுக்கான சட்டங்களை இயற்றுகின்றான். நாள் முழுவதும் பிறருக்குக் கீழ்ப்பட்டு உழைத்தவன் இதைக் கண்டு மகிழ்ந்தான் என்றால் அதன் காரணம் விளங்கவில்லையா? 1961இல் வெளிவந்த 'பாசமலர்' அண்ணன் தங்கை கதை. மணமாகி வேறு வீடு சென்ற பெண்ணுக்குத் தன் பிறந்த வீட்டோடு எஞ்சியிருக்கும் உறவு பெரும்பாலும் அண்ணனே. அவ்வுறவு அறுபடுமோ என்ற அச்சம் அவளுடைய வாழ்க்கையின் அச்சம். அவள் விட்ட கண்ணீர் திரையிலிருந்து மட்டும் பிறந்ததன்று. இப்படத்திலே முதலாளியான அண்ணனுக்கும் தொழிலாளர் பக்கம் நிற்கும் மைத்துனனுக்குமிடையே தொழிற்சாலைத் தகராறும் உண்டு. 'அழுகைப் படம்' என்று இதனை ஒதுக்கிய நண்பர்கள் அந்தத் தகராற்றை ஏனோ நினைவில் வைத்திருப்பதில்லை!

இவ்விரு படங்களும் துன்பத்துக்குப் பொய்யான தீர்வு சொல்லின என்று குற்றஞ் சாட்டலாம். ஒன்று தனிவீரனின் கருணையையும் மற்றொன்று தியாகத்தின் புனிதத்தையும் தீர்வாகக் காட்டின. ஆனால் குற்றச்சாட்டு இரண்டுக்கும் சமமாகவே பொருந்தும். வீரத்தின் பொய்யை விளையாட்டென்று மன்னித்துக் கண்ணீரின் பொய்யை மட்டும் கீழ்மையென்று இகழ்வது விமர்சனமன்று. வீட்டுத் தலைமையின் குரல்.

கலைப் படங்களை விரும்பும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். 1977இல் தருமசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். சீதனமும் சாதியும் ஒரு பெண்ணின் வாழ்வை எவ்வாறு நசுக்குகின்றன என்பதே அதன் பொருள். அப்படம் நெடுநாள் ஓடவில்லை. மக்களின் இரசனை கெட்டது என்று கூறி அமைதியடைவது எளிது. 1972 முதல் அரச கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன் கையில் எடுப்பதற்கு முன்னரும் சரி, பின்னரும் சரி, இந்தியப் படங்களே நம் கண்களைப் பழக்கியிருந்தன. இருவர் வீட்டில் தெரிவதற்கு முன்னரே இறக்குமதியாளரும் விநியோகஸ்தரும் அவர்களுக்காகத் தெரிந்துவிட்டனர். வீட்டுப் பிணக்கு அந்த எஞ்சிய சிறு எல்லைக்குள் நடப்பது.

1979இல் தொலைக்காட்சி இலங்கைக்கு வந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. படமாளிகை வீட்டுக்குள் புகுந்தது. 1990இன் பின் மின்சாரமற்றிருந்த யாழ்ப்பாணத்தில், அயலவர் காசு சேர்த்து ஜெனரேற்றரும் டெக்கும் பிடித்து, ஒரே இரவில் மூன்று நான்கு படங்களைப் பார்த்தனர். எந்தப் படம் என்ற வினா எந்தப் படம் முதலில் என்பதாக மாறியது. சைக்கிளிற் சென்று கசெற் எடுத்து வந்தவர் இளைஞர்; எனவே தெரிவும் அவர்களுடையதே. அதிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டவேண்டியவள் தனக்கு விருப்பமான படம் வருமுன்னரே உறங்கிப் போனாள்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை. கணவன் ஒன்றைப் பார்க்கின்றான். மனைவி வேறொன்றைப் பார்க்கின்றாள். பிணக்குத் தீர்ந்துவிட்டது என்பர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. மன்ஹைமில் ஒருவர் கூட்டத்துக்கும் மற்றவர் படத்துக்கும் பிரிந்து சென்றதுபோல, இங்கும் இருவர் ஒரே அறையில் இருந்துகொண்டே பிரிந்து செல்கின்றனர். ஒருவர் எதைக் கண்டு சிரிக்கின்றார், எதைக் கண்டு கலங்குகின்றார் என்பதை மற்றவர் அறியும் வாய்ப்பு இழக்கப்படுகின்றது.

ஆகவே, இருவரும் முறை வைத்துத் தெரிவதே நியாயமானது. தெரிபவருக்கு உரிமையுண்டு, மற்றவருக்கு, ஏளனம் செய்யாது இறுதிவரை இருந்து பார்க்கும் கடமையுண்டு. படம் முடிந்தபின் 'இது உனக்கு ஏன் பிடித்தது?' என்று கேட்கும் கடமையும் உண்டு. அல்தன்லோ கேட்ட கேள்வி அதுவே. இவற்றுக்கெல்லாம் முன் நிபந்தனை ஒன்று இருக்கின்றது. சமையலும் பிள்ளைகளின் பாடமும் ஒருவர் தலையிலேயே சுமத்தப்பட்டிருக்கும் வீட்டில், தெரிவுரிமையை வழங்கிவிட்டோம் என்று சொல்வது வெறும் வார்த்தை. ஓய்வு இல்லாதவளுக்கு எந்தப் படமும் தன்னுடைய படமாகாது. சமத்துவத்தைப் பற்றி மேடைகளிலே பேசும் ஆசிரியர்களும் மாணவர்களும், தம் வீட்டில் கடைசியாகப் பார்த்த படத்தைத் தெரிந்தவர் யார், அதைப் பார்ப்பதற்கு முன் சமையலறையில் நின்றவர் யார் என்று தம்மைத் தாமே கேட்டுப் பார்ப்பார்களாக.