முடித்துவைப்பு

சட்டமன்றம் கூடும் நாட்களில் செட்டிகுளம் டீக்கடையில் நாளிதழைப் புரட்டினால், 'பேரவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' என்ற தலைப்பு கண்ணில் படும். "சபை முடிஞ்சுபோச்சு" என்பார்கள். முடியவில்லை. ஒத்திவைப்பவர் சபாநாயகர், அவரே மறுபடி கூட்டலாம். கூட்டத்தொடரை முடித்துவைப்பவர் ஆளுநர். அரசியலமைப்பின் 174ஆம் பிரிவு அவருக்குத் தரும் அதிகாரம் அது. அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அதைச் செய்கிறார்.

இதற்கு ஆங்கிலத்தில் 'புரோரோக்'. லத்தீன் மூலத்தில் நீட்டித்தல், தள்ளிவைத்தல் என்று பொருள். பிரிட்டிஷ் மன்னர்களின் உரிமையாக இருந்து நம் சட்டத்துக்குள் வந்த அதிகாரம் இது. அங்கே 2019இல் பிரதமர் போரிஸ் ஜான்சனின் ஆலோசனைப்படி எலிசபெத் ராணி நாடாளுமன்றத்தை முடித்துவைத்தார். செப்டம்பர் 24 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். இலங்கையில் 2018 அக்டோபர் 27 அன்று ஜனாதிபதி சிறிசேன இதே அதிகாரத்தைக் கையில் எடுத்தார். நெருக்கடி நேரத்தில் மக்கள் பிரதிநிதிகளின் வாயை அடைக்க இது ஆயுதமாகும் என்பதே என் கவலை.

கலைப்பு வேறு. அதில் உறுப்பினர் பதவியே போய்விடும், முடித்துவைப்பில் போகாது. நிலுவையிலுள்ள மசோதாவும் காலாவதியாகாது என்கிறது 196ஆம் பிரிவு. ஆனால் முடித்துவைத்தால் பேரவை கூட்டத்தொடரில் இருக்காது; அப்போதுதான் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியும். 2017 ஜனவரி 21 அன்று தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் அப்படித்தான் வந்தது. 23ஆம் தேதி பேரவை கூடி அதற்கான மசோதாவை நிறைவேற்றியது.

செய்தியில் 'ஒத்திவைப்பு' என்று கண்டால், செய்தவர் சபாநாயகரா ஆளுநரா என்று பாருங்கள்.