கடைசிச் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள்: தேர்வு வரிசையும் களத்தில் கிடைக்கும் நேரமும்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கபடி ஆடும் இளைஞருக்கு முன்பெல்லாம் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலையோ ரயில்வே வேலையோ கிடைப்பதுதான் பெரிய கனவு. 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கிய பிறகு, ஏலப் பட்டியலில் பெயர் வரவேண்டும் என்ற கனவும் சேர்ந்துகொண்டது. பெயர் வந்துவிட்டால் பையன் கரையேறிவிட்டான் என்று ஊர் நினைக்கிறது. ஆனால் பட்டியலின் அடியில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஓரிரு பருவங்களில் காணாமல் போகிறார்கள். திறமை போதவில்லை என்ற விளக்கம் இதில் பாதியைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியை அறிய, வீரர்களை வரிசைப்படுத்தி எடுக்கும் முறை எப்படி வளர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

அந்த முறைக்கு நீண்ட வரலாறு இருப்பது அமெரிக்கக் கால்பந்தில். பணமுள்ள அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போனதால் நலிந்த அணிகள் மேலும் நலிந்தன. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935-இல் ஒரு யோசனை சொன்னார்: கடைசி இடம் பிடித்த அணி முதலில் தேர்ந்தெடுக்கட்டும். 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் நடந்த முதல் 'டிராஃப்ட்'டில் 9 சுற்றுகளில் 81 பேர் எடுக்கப்பட்டனர். முதல் பெயர் ஜே பெர்வாங்கர். அவர் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. அன்றைய சம்பளத்தைவிட நல்ல பிழைப்பு வெளியே இருந்தது. தேர்வு வரிசைக்கு அப்போது வீரரின் வாழ்க்கையை நிர்ணயிக்கும் பலம் இல்லை.

அந்தப் பலம் பணத்தோடு வந்தது. 1950-களில் 30 சுற்றுகள் வரை நீண்டிருந்த தேர்வு 1977-இல் 12 ஆகவும், 1994-இல் 7 ஆகவும் சுருங்கியது. 2011-இல் வீரர் சங்கத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தம் புதியவரின் சம்பளத்தை அவர் எடுக்கப்பட்ட இடத்தோடு கட்டிவைத்தது. எடுக்கப்பட்ட எல்லாருக்கும் நான்கு ஆண்டு ஒப்பந்தம் என்று காகிதத்தில் இருக்கும். முதல் சுற்று வீரருக்கு அதில் பெரும்பகுதி உறுதியான பணம். ஆடினாலும் ஆடாவிட்டாலும் அணி கொடுத்தாக வேண்டும். ஏழாம் சுற்று வீரருக்கு உறுதியானது கையெழுத்திடும்போது தரும் சிறு தொகை மட்டுமே. பயிற்சி முகாமுக்கு 90 பேர் வருகிறார்கள், பருவம் தொடங்கும்போது 53 பேர்தான் மிஞ்சலாம். யாரை அனுப்பினால் நஷ்டம் குறைவு என்ற கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது. முதல் சுற்று வீரர் இரண்டு பருவம் சொதப்பினாலும் மூன்றாவது பருவம் கிடைக்கலாம். கடைசிச் சுற்றுக்காரருக்குச் சில வாரங்கள்தான்.

இது பயிற்சியாளர்கள் மேல் போடும் வெறும் பழி அல்ல. அமெரிக்கக் கூடைப்பந்தில் 1980 முதல் 1986 வரை எடுக்கப்பட்ட வீரர்களைப் பேரி ஸ்டா, ஹா ஹோவாங் இருவரும் ஆராய்ந்து 1995-இல் முடிவை வெளியிட்டனர். ஆட்டத்திறன், காயம், ஆடும் இடம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், முன்னால் எடுக்கப்பட்டவர்களுக்கு அதிக நிமிடங்கள் கிடைத்தன; அவர்கள் அதிக ஆண்டுகள் நீடித்தனர். தேர்வாளர்களின் கண் பொதுவாகப் பொய் சொல்வதில்லை, முன்வரிசை வீரர்கள் சராசரியில் மேலானவர்களே. ஆனால் அந்தச் சராசரியால் விளக்க முடியாத ஓர் இடைவெளி மிஞ்சுகிறது. போட்ட பணத்தை வீணென்று ஒப்புக்கொள்ள மனம் வராததே அதன் காரணம் என்பது அவர்கள் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

விதிவிலக்குகளையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். அமெரிக்கக் கால்பந்தில் டாம் பிராடி 2000-இல் ஆறாம் சுற்றில் 199-ஆவதாக எடுக்கப்பட்டவர். அந்த ஆண்டு அவர் அணி வழக்கத்துக்கு மாறாக நான்கு குவார்ட்டர்பேக்குகளை (பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துபவர்களை) வைத்துக்கொண்டதால்தான் அவர் தங்கினார். அடுத்த ஆண்டு முதல்நிலை வீரர் காயப்பட்டதால் களமிறங்கினார். 2022-இல் 262-ஆவதாக, அதாவது ஆகக் கடைசியாக, எடுக்கப்பட்ட பிராக் பர்டிக்கு முன்னால் இருந்த இருவரும் அதே பருவத்தில் காயப்பட்டனர். இருவருக்கும் திறமை இருந்தது. கதவைத் திறந்தது மற்றவர் காயம்.

இந்தியாவுக்கு இது ஏலமாக வந்தது. 2008-இல் ஐபிஎல், 2014-இல் கபடி. கபடி ஏலத்தில் ஏ, பி, சி, டி என்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிப்படை விலை. அதற்கும் கீழே புதிய இளம் வீரர்கள். அணியில் 18 முதல் 25 பேர் இருக்கலாம், களத்தில் நிற்பவர் ஏழு பேர். கிராமத்துப் பையனுக்கு இன்னொரு தடையும் உண்டு. அவன் கொத்திப் புரட்டித் தண்ணீர் தெளித்த மண்ணில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவன். மண்ணில் கால் சற்று வழுக்கும், அந்த வழுக்கலை வைத்தே அவன் உடம்பைத் திருப்பக் கற்றிருப்பான். லீக் ஆட்டம் 'மேட்' என்ற விரிப்பின் மீது, ஷூ போட்டு. மேட் காலைப் பிடித்து நிறுத்தும், திரும்பும் விசை முழங்காலில் இறங்கும். இது பழக ஆட்டங்கள் வேண்டும். கடைசி விலைக்காரருக்குக் கிடைக்காதது அந்த ஆட்டங்கள்தான்.

தேர்வையும் கால அளவையும் தனித்தனியாக வைத்த ஒரு முறை உத்திரமேரூரிலேயே கல்லில் இருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்த குடவோலை முறையை விவரிக்கின்றன. 30 குடும்புகள், அதாவது ஊர்ப் பிரிவுகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர். ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பவன் ஒரு சிறுவன். தேர்வானவர்களில் முன்பே தோட்ட வாரியம், ஏரி வாரியம் பார்த்த மூத்தவர்கள் பன்னிருவர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்குப் போவர். மற்றவர்களில் பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கு, அறுவர் ஏரி வாரியத்துக்கு. எல்லாருக்கும் 360 நாள். கணக்குக் காட்டாதவர் மறுபடி வரமுடியாது. வரி கட்டும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதக் கல்வி என்ற வேலிக்குள் நடந்த, பிராமண ஆண்களுக்கு மட்டுமான ஏற்பாடு அது. அதைச் சமத்துவம் என்று கொண்டாட முடியாது. ஊர்ச்சபையும் கபடி அணியும் ஒன்றல்ல. ஆனாலும் அங்கே படிநிலை வேலை பார்த்த பிறகு வந்தது, எந்த வாரியத்தில் விழுந்தாலும் வேலை பார்க்க முழு ஆண்டு கிடைத்தது. ஏலத்தில் படிநிலை முதல் ஆட்டத்துக்கு முன்பே விலையாக ஒட்டப்படுகிறது, நேரம் அந்த விலையின்படி பங்கிடப்படுகிறது.

2022-இல் ஓர் அணிக்குக் கபடி ஏலத்தில் செலவிட அனுமதித்த மொத்தத் தொகை 4.4 கோடி. தமிழ் தலைவாஸ் அதில் பாதிக்கு மேல், 2.26 கோடியை, ரெய்டர் பவன் ஷெராவத் ஒருவருக்குக் கொடுத்தது. அக்டோபர் 8 அன்று பெங்களூருவில் குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில், தொடங்கிய சற்று நேரத்திலேயே அவர் முழங்கால் காயப்பட்டது. அந்தப் பருவமே அவருக்கு முடிந்தது. ரெய்டு போக ஆள் வேண்டியிருந்தது. புதிய இளம் வீரராக வந்த நரேந்தர் அந்தப் பாரத்தை ஏற்றார். பருவம் முடியும்போது அவர் கணக்கில் 200-க்கு மேல் ரெய்டு புள்ளிகள். தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதி வரை போனது. பவனுக்குக் காயம் படாமல் இருந்திருந்தால் நரேந்தருக்கு எத்தனை ரெய்டு கிடைத்திருக்கும்? அடுத்த ஏலத்தில், முந்தைய பருவம் ஏறக்குறைய ஆடவே இல்லாத பவனைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. அதற்கு முந்தைய பருவங்களில் அவர் குவித்த புள்ளிகளுக்கான விலை அது, நியாயமும்கூட. ஒரு காயப் பருவத்தை மன்னிக்கும் அளவுக்கு அவருக்குப் பழைய கணக்கு இருந்தது. அடிப்படை விலைக்காரருக்கு அப்படி ஒரு கணக்குச் சேர வழியே இல்லை.

ஆகவே லீக்குகளின் புள்ளிவிவரங்களில் நாம் தேட வேண்டிய எண் ஏல விலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இன்னோர் எண்: முதல் இரண்டு பருவங்களில் ஒவ்வொரு புதியவரும் மேட் மீது நின்ற நிமிடங்கள். அது பிரிவுவாரியாக வெளியிடப்பட்டால், வெளியேறியவர்களில் எத்தனை பேர் ஆடித் தோற்றார்கள், எத்தனை பேர் ஆடாமலே தோற்றார்கள் என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.